முத்திரை விழாத உத்தரவு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. சோபாவில் வலது பக்கம்.

பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ. அதே சோபாவில் இடது பக்கம். இரண்டு பேரும் வேறு வேறு கட்சி. மேடையில் ஒருத்தரை ஒருத்தர் கிழிப்பார்கள். அன்றைக்கு ஒரே சோபா.

ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். அது அவருடைய அறை. ஆனால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஏ.ஓ. ஆஸ்பத்திரி ஆபீசுக்கு மேலதிகாரி. எனக்கும் அவர்தான்.

பூதலூர் பக்கத்து விவசாயி ஒருத்தர். இரண்டு வேலி நிலக்காரர். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக நான். பேர் கலியபெருமாள். தபால் பிரிவு அலுவலக உதவியாளர். கையில் தட்டு, தட்டில் ஐந்து டீ.

யாரைப் பற்றிப் பேசினார்களோ அந்தப் பெண் அங்கே இல்லை. அவள் பேர் அமுதா. அந்த விவசாயியின் பிள்ளை.

இதை எழுதச் சொன்னது ரேவதி. இப்போது தபால் பிரிவில் இருக்கிற பொண்ணு. ஊழியர் சங்கத்து மலருக்குப் பழைய ஆட்களின் அனுபவம் வேண்டுமாம். "அண்ணே, இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல தேதி தானா விழுந்துடுது. நாம தொடவே முடியாது. நீங்க அந்த முத்திரைக் காலத்தைப் பத்தி எழுதுங்கண்ணே" என்றது. தேதி தானாக விழுவது நல்லது. ஏன் நல்லது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ.

நான் எட்டாவது ஃபெயில். எங்கப்பா அதே ஆஸ்பத்திரியில் துப்புரவுத் தொழிலாளி. அதற்கு முன்னால் பண்ணையில் கூலி. வேலையில் இருக்கும்போதே செத்துப்போனார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. ஒன்பது வருஷம் ஸ்ட்ரெச்சர் தள்ளினேன், பிண அறையிலும் இருந்தேன். பிறகு தபால். அதில் முப்பத்தொரு வருஷம். ஊர் பேரும் ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தபால் வேலை பெரிய வேலை இல்லை. ஆனால் முறை உண்டு.

காலையில் வந்ததும் முத்திரையை எடுக்க வேண்டும். இரும்புப் பிடி. அடியில் நாள், மாதம், வருஷம் என்று மூன்று ரப்பர் பட்டை. நேற்றைய தேதியை ஈர்க்குச்சியால் ஒரு பல் தள்ள வேண்டும். தள்ளினால் இன்றைக்கு. பழைய பேப்பர் ஓரத்தில் ஒரு தடவை குத்திப் பார்க்க வேண்டும். அப்புறம் வருகிற ஒவ்வொரு தாளுக்கும் மேலே வலது மூலையில் குத்த வேண்டும். தபால் நோட்டில் நம்பர் போட்டு, யாரிடமிருந்து, என்ன விஷயம் என்று ஒரு வரி. சாயங்காலம் கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ஏ.ஓ. கையெழுத்து. கோடு விழுந்த பிறகு அந்த நாளுக்குள் எதுவும் நுழைய முடியாது.

ஒரு தாள் ஆஸ்பத்திரிக்கு வந்ததா இல்லையா என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி. நோட்டில் இருந்தால் வந்தது. இல்லாவிட்டால் வரவில்லை.

அந்த நோட்டால் எனக்கு ஒரு பேர் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

நான் தபாலுக்கு வந்த மூன்றாம் வருஷம். நோயாளிகளுக்குப் பால் போடுகிற டெண்டர். ஒரு ஒப்பந்தக்காரர் கடைசி நாள் தாண்டி, மறுநாள் காலை கவரோடு வந்தார்.

"கலியண்ணே, ஒரே ஒரு பல்லு பின்னால தள்ளுங்க. முடிஞ்சுது வேலை."

"கோடு போட்டாச்சுங்க."

"கோட்டுக்கு மேல எடம் இருக்கும்ல?"

"இருக்காதுங்க."

அவர் அப்போதிருந்த ஏ.ஓ.விடம் போனார். அது வேறு ஆள், கோபக்காரர். என்னைக் கூப்பிட்டுத் தள்ளு என்றார். "எழுதிக் குடுங்க ஐயா, தள்ளுறேன்" என்றேன். அவர் எழுதித் தரவில்லை. நான் தள்ளவில்லை. ஒரு மாசம் என்னைப் பிண அறைக்குப் போட்டார். போனேன். திரும்பி வந்தேன்.

அப்புறம் ஒரு விபத்து வழக்கில் தஞ்சாவூர் கோர்ட்டுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஜட்ஜ் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அடித்தல் திருத்தல் இல்லாம வச்சிருக்கீங்களே" என்றார். நான் வாழ்க்கையில் கேட்ட பெரிய சொல் அதுதான். வீட்டில் வந்து சொன்னேன். என் சம்சாரம், "அதுக்கு என்ன குடுத்தாங்க?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

இனி அமுதா.

அவளுக்குப் பழைய பேர் ஒன்று உண்டு. எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனவள். வெளிமாநிலத்தில் ஒரு வீட்டில், டாக்டர் இல்லாமல் அறுத்துக்கொண்டு பெண்ணானாள். அந்தக் காலத்தில் திருநங்கைகளுக்கு அதுதான் வழி. திரும்பி வந்து நடவு எந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். எந்திரம் வாடகைக்கு விடுகிற இடத்தில் வேலை. குறுவை, சம்பா, தாளடி மூன்று போகத்துக்கும் அவள் ஓட்டினால் வரிசை பிசகாது என்பார்கள்.

சில வருஷம் கழித்து அறுத்த இடத்தில் ஒண்ணுக்குப் போகிற வழி அடைத்துக்கொண்டது. அடிவயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். குழாய் ஒரு பையில் விழும். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு இளம் டாக்டர் இருந்தார். ஒரே ஆபரேஷனில் வழியைத் திறந்து, எல்லாவற்றையும் ஒழுங்காகப் பெண்ணுக்கு இருப்பது போலவே செய்து தருகிறேன் என்று தேதியும் குறித்தார்.

அது அவள் அப்பா காதுக்குப் போனது. அப்பா எம்.எல்.ஏ.விடம் போனார். தேதி ரத்தானது. அந்த டாக்டரை மாற்றுப்பணி என்று வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அமுதா ஹைகோர்ட்டுக்குப் போனாள். கோர்ட் சொல்லிவிட்டது: அந்த ஆஸ்பத்திரியே அந்த ஆபரேஷனைச் செய்ய வேண்டும், டாக்டர் இல்லாவிட்டால் வரவழைக்க வேண்டும், உத்தரவு நகல் கிடைத்த தேதியிலிருந்து எட்டு வாரத்துக்குள்.

அதற்குத்தான் அந்தக் கூட்டம். அதற்குத்தான் ஐந்து டீ.

பெரிய டாக்டர் மெதுவாக ஆரம்பித்தார். "சார், இது ஒண்ணுக்குப் போற பாதையில அடைப்பு. அத எடுத்தாகணும். விட்டா கிட்னிக்குப் போயிடும்."

எங்கள் எம்.எல்.ஏ. டீயை எடுத்தார். "அடைப்பு எடுக்கறதா? தூர் வார்ற வேலைக்கெல்லாம் டெண்டர் விடணும் டாக்டர்."

சிரித்தார்கள். பக்கத்துத் தொகுதிக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். விவசாயி சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். தட்டில் டீ தளும்பியது.

விவசாயி சொன்னார்: "அய்யா, சின்னப் பொண்ணுக்குப் பரிசம் போட்டிருக்கு. இப்பப் போயி கவர்மெண்டே அவனைப் பொம்பளைன்னு அறுத்து வுட்டுதுன்னா, நான் பந்தக்கால் நட முடியாதுங்க."

"நடக்காது. நான் சொல்றேன்ல" என்றார் எம்.எல்.ஏ.

"கோர்ட்டு எட்டு வாரம்னு போட்டிருக்கு சார்" என்றார் டாக்டர்.

"கோர்ட்டு மதுரையில இருக்கு. ஆஸ்பத்திரி என் தொகுதியில இருக்கு."

பக்கத்துத் தொகுதிக்காரர் சேர்ந்துகொண்டார். "சட்டம் போடறது நாங்க. ஜட்ஜ் அத வாசிக்கறவரு. வாசிக்கறவரு எழுத ஆரம்பிச்சா நாங்க எதுக்கு? நானும் சட்டசபைக்குப் பேசத்தான் போறேன். அண்ணன் வேற கட்சிதான். இதுல ஒண்ணு."

"கோர்ட்டு அவமதிப்பு ஆயிடும் சார்" என்றார் டாக்டர். அவர் குரல் இறங்கிவிட்டது.

அப்போது ஏ.ஓ. கண்ணாடியைக் கழற்றினார்.

எங்கள் ஏ.ஓ.வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல மனுஷர். குரல் உயர்த்த மாட்டார். யாரையும் வா போ என்று சொல்ல மாட்டார், என்னைக்கூட வாங்க போங்கதான். எதையும் செய்யாதீர்கள் என்று அவர் வாயில் வராது. "அவசரம் என்ன?" என்பார். இல்லாவிட்டால் "பாத்துக்கங்க" என்பார். அதில் எல்லாம் இருக்கும். முக்கியமான பேச்சுக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை யாரும் பேச மாட்டோம்.

துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "நகல் கெடைச்ச தேதிலேருந்துதான் சார் எட்டு வாரம். நமக்கு இன்னும் கெடைக்கலையே."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"எப்ப கெடைக்கும்?" என்றார் எம்.எல்.ஏ.

"தபால நம்ம கலியபெருமாள் பாக்கறாரு. அவரு நோட்டுல ஏறினாத்தான் வந்ததா அர்த்தம். அந்த நோட்ட கோர்ட்டே பாராட்டியிருக்கு சார்."

எம்.எல்.ஏ. அப்போதுதான் என்னைப் பார்த்தார். "எந்த ஊருப்பா நீ?"

சொன்னேன்.

"அட, நம்ம ஓட்டுதானா."

ஆமாங்கய்யா என்றேன். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் எனக்கு ஒன்றும் உத்தரவு போடவில்லை. யாரும் மிரட்டவில்லை. அதை நன்றாக எழுதிவிடுகிறேன்.

அமுதா முதலில் வந்தது ஆடியில், ஒரு புதன்கிழமை. காலை பாசஞ்சரில் பூதலூரில் ஏறி வந்திருந்தாள். என் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். நீலப் புடவை. இடது கையில் ஒரு மஞ்சப் பை தொங்கியது. அதைத் தூக்கிப் பிடிக்கவே மாட்டாள், முழங்காலுக்குக் கீழேயே தொங்கும். அதற்குள் இருப்பது சாமான் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. வலது கையில் பிளாஸ்டிக் உறையில் உத்தரவு.

"அண்ணே, இது கோர்ட்டு ஆர்டரு. வாங்கிக்கிட்டு என் காப்பில ஒரு முத்திரை குத்திக் குடுங்க. வக்கீலு வாங்கிட்டு வரச் சொன்னாரு."

"முத்திரை ஏ.ஓ. ஐயா ரூம்ல பூட்டியிருக்குப்பா. ஐயா கேம்ப்பு. புதன்கிழமை வா."

முத்திரை என் மேசை இழுப்பறையில் இருந்தது. என் முழங்காலுக்கு நேராக.

"இன்னிக்கே புதன்கிழமைதாண்ணே."

"அடுத்த புதன்."

சிரித்தாள். "சரிண்ணே. வாப்பா போப்பான்னு சொல்லாதீங்க. அமுதான்னு சொல்லுங்க."

அடுத்த புதன் வந்தாள். ஐயா மீட்டிங் என்றேன். அதற்கடுத்த புதன் வந்தாள். பேடில் மை இல்லை என்றேன். ஒரு புதன் ஆடிட் என்றேன். ஒரு புதன் என் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் நின்றாள். ஜன்னல் இடுக்கில் நீலப் புடவை தெரிந்தது.

வாசலில் செக்யூரிட்டி புஷ்பம் கத்துவாள்: "கலியண்ணே, ஒன் புதன்கிழமை வந்துருச்சு!" ஓ.பி. வரிசையே திரும்பிப் பார்க்கும். நானும் சிரிப்பேன்.

வக்கீல் பதிவுத் தபாலில் அனுப்பினார். தபால்காரர் சவுரி கொண்டுவந்தார். இருபது வருஷப் பழக்கம்.

"இத எடுத்துட்டுப் போயிடு சவுரி. ஐயா லீவுன்னு எழுதிக்க."

"ஆபீஸ் பேருக்கு வந்துருக்குய்யா. ஆபீஸே லீவா?"

"அப்ப கதவு பூட்டியிருந்துதுன்னு எழுது."

சவுரி என்னைப் பார்த்தார். பின்னால் பிரசவ வார்டில் ஒரு குழந்தை கத்திக்கொண்டிருந்தது. "இருபத்தி நாலு மணி நேர ஆஸ்பத்திரிக்குக் கதவு பூட்டுன்னா எழுதச் சொல்ற?" என்றார். எழுதினார். அதற்கப்புறம் சவுரி என் மேசையில் உட்கார்ந்து டீ குடித்ததில்லை.

அரசு வக்கீல் ஆபீசிலிருந்து ஏ.ஓ.வுக்கு போன் வந்தது. ஏ.ஓ., "காப்பி வந்ததும் பண்ணிடறோம் சார், எங்களுக்கு என்ன" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மெயில் பார்க்கிற கம்ப்யூட்டரும் அவர் அறையில்தான்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனாள். உத்தரவு எந்த ஆஸ்பத்திரி பேரில் இருக்கோ அங்கே போ என்றார்கள். தனியாரில் செய்ய வசதி இல்லை.

புரட்டாசியில் ஒரு புதன். ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருத்தர் மருத்துவச் செலவு மனு கொண்டுவந்தார். வாங்கிக் குத்தினேன். வாத்தியார் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் அமுதா நின்றிருந்தாள். முத்திரை என் கையில் இருந்தது.

"முத்திரை இருக்கேண்ணே."

முத்திரையைக் கீழே வைத்தேன்.

"ஈரமாக்கூட இருக்கு. அப்படியே ஒரு குத்து."

"இது வேற முத்திரை."

"ஆஸ்பத்திரிக்கு எத்தன முத்திரைண்ணே?"

"அவங்களுக்கு வேற. ஒனக்கு வேற."

என் வாயிலிருந்துதான் வந்தது. எங்கப்பா டீக்கடையில் வெளியே நின்று கேட்ட சொல் அது. அவங்களுக்கு வேற கிளாஸ், ஒனக்கு வேற கிளாஸ். நான் சின்ன வயதில் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். எங்கப்பா சிரட்டையைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

 அமுதா உத்தரவை உறைக்குள் போட்டுக்கொண்டு போனாள். அடுத்த புதனும் வந்தாள்.

கார்த்திகையில் அடைமழை. வயலெல்லாம் தண்ணீர். அன்றைக்கு வரமாட்டாள் என்று இருந்தேன். வந்தாள். பல் கிடுகிடுத்தது. குளிர் இல்லை, காய்ச்சல். மஞ்சப் பை நனைந்து, உள்ளே இருந்த பை தெரிந்தது. ஆனியில் ஆற்றில் புதுத்தண்ணி வரும்போது செம்மண் கலங்கின ஒரு நிறம் இருக்கும். அந்த நிறம்.

"ஓ.பி.ல காட்டும்மா" என்றேன். அப்போதுதான் முதல்தடவை அம்மா என்றேன்.

"காட்டினேண்ணே. கேஸு கோர்ட்டுல இருக்கு, தொட மாட்டோம்னாங்க. கோர்ட்டுல கேட்டா ஆஸ்பத்திரிக்குக் காப்பி போகலைங்கறாங்க. காப்பி இந்தா, எங்கையில இருக்கு. நான் எங்கண்ணே போறது?"

"இரு" என்று சொல்லிவிட்டு ஏ.ஓ. அறைக்குப் போனேன்.

"ஐயா, அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல். குத்திடட்டுமா?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "குத்துங்க. நான் வேணாம்னு எப்பவாவது சொன்னனா?"

நின்றேன்.

"ஒங்களுக்கு இன்னும் எத்தன மாசம் கலியபெருமாளு?"

"ஆறு மாசங்கய்யா."

"கடைசி நாள் சாயங்காலம் ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நிச்சயம் இல்ல. பாத்துக்கங்க."

அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். மாலை போட்டு வழியனுப்ப எல்லோரும் காத்திருக்கும்போது, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓய்வு ஆர்டருக்குப் பதிலாக சஸ்பென்ஷன் ஆர்டர் வரும். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒரு மருந்தாளுநருக்கு வந்தது. அவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்தேன். இழுப்பறையைத் திறந்தேன். மூடினேன். "அடுத்த புதன் பாப்பம்மா" என்றேன்.

குத்துங்க என்றுதான் அவர் சொன்னார். குத்தாதது நான். பால் டெண்டருக்காகப் பழைய ஏ.ஓ. கேட்டபோது எழுதிக் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. வயது முப்பது சொச்சம், பிள்ளை குட்டி, பிண அறைக்குப் போவேன் என்று தெரிந்தும் சொன்னேன். இந்தத் தடவை யாரிடமும் எதையும் எழுதிக் கேட்கவில்லை.

மார்கழியில் வக்கீல் அவமதிப்பு மனு போட்டார். ஏ.ஓ. என்னைக் கூப்பிட்டார். மேசையில் இங்கிலீஷில் டைப் அடித்த இரண்டு தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழில் சொன்னார்: நான் முப்பத்தொரு வருஷமாகத் தபால் பார்க்கிறேன். நோட்டு என் பொறுப்பு. அந்த உத்தரவின் நகல் ஆஸ்பத்திரியில் பெறப்படவில்லை.

"ஐயா, இது..."

"இதுல பொய் எங்க இருக்கு கலியபெருமாளு? வாங்கினோமா?"

"வாங்கல."

"அவ்வளவுதான்."

கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும், தமிழில்தான். ஏ.ஓ. ஊதி மையை உலர்த்தினார்.

அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஹைகோர்ட்டில் என்ன நடந்தது என்று போய்வந்த கிளார்க் சொன்னார். அரசு வக்கீல் நோட்டை விரித்துக் காட்டினாராம். தினமும் கோடு, தினமும் கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. ஆடியிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையையும் பார்த்தார்களாம். ஒன்றும் இல்லை. வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை, புதிதாக நகல் கோர்ட் ஆள் மூலமாகவே கொடுக்கப்படட்டும், அன்றிலிருந்து நான்கு வாரம் என்று முடித்தார்களாம்.

"ஒங்க நோட்டுதான் காப்பாத்திச்சுண்ணே" என்றார் கிளார்க். ஆபீசில் எல்லோருக்கும் வடை வந்தது. எனக்கு இரண்டு வைத்தார்கள். தின்றேன்.

நான் நோட்டில் கள்ளத்தனம் பண்ணியிருந்தால் கோர்ட் சந்தேகப்பட்டிருக்கும். ஒழுங்காக எழுதியதால் நம்பியது. முப்பத்தொரு வருஷம் நான் நேராக இருந்தது அந்த ஒரு நாளைக்குப் பொய் சொல்லத்தான் உதவியது.

தையில், அறுப்பு நேரம், கோர்ட் ஆள் வந்தார். கூட வக்கீல். அமுதா வரவில்லை. படுக்கையில் என்றார்கள். உத்தரவை வாங்கினேன். இழுப்பறையைத் திறந்தேன். குத்தினேன். நல்ல கருப்பாக விழுந்தது. இரண்டு நிமிஷ வேலை.

பழைய இளம் டாக்டரே வந்து மாசியில் ஆபரேஷன் செய்தார். எம்.எல்.ஏ. அந்த வாரம் சென்னையில் இருந்தார். வழி திறந்துவிட்டது. குழாய் போய்விட்டது. ஆனால் இடது கிட்னி அதற்குள் செத்துவிட்டது. வலது பாதி வேலை செய்கிறது. ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் கை கழுவிக்கொண்டே நர்சிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "புரட்டாசியில வந்திருந்தா ரெண்டும் இருந்திருக்கும்."

புரட்டாசியில் வந்தாள்.

வைகாசியில் எனக்கு ஓய்வு. விழா வைத்தார்கள். எம்.எல்.ஏ.வே வந்து பொன்னாடை போர்த்தினார். "நம்ம கலியபெருமாள் இந்த ஆஸ்பத்திரிக்குத் தூணு" என்று மைக்கில் சொன்னார். பக்கத்துத் தொகுதிக்காரரும் வந்திருந்தார். ஐந்து மணிக்கு ஓய்வு ஆர்டர் கைக்கு வந்தது. மாலையோடு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று வருஷம் ஆகிறது. ரேவதி கேட்டபோது பால் டெண்டர் கதையை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். போன மாசம் ஒரு புதன்கிழமை காலை பாசஞ்சரில் ஏறிப் பூதலூரில் இறங்கினேன்.

எந்திரம் வாடகைக்கு விடுகிற இடம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அமுதா மேசையில் உட்கார்ந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். "சேறு அடிக்காத வயலுக்கு எந்திரம் அனுப்பச் சொல்றீங்களே மாமா, அது என்ன பறக்குமா?" இப்போது அவள் எந்திரத்தில் ஏறுவதில்லை. டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். யார் வயலுக்கு எது போக வேண்டும் என்று அனுப்புகிற வேலை.

போனை வைத்துவிட்டுப் பார்த்தாள். "புதன்கிழமை அண்ணனா?"

ஆமாம் என்றேன்.

"ஒக்காருங்க. வெயில்ல வந்துருக்கீங்க."

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். சொன்னேன். முத்திரை ஏ.ஓ. அறையில் இல்லை, என் இழுப்பறையில்தான் இருந்தது என்றேன்.

"தெரியும்ண்ணே. ஒங்க இழுப்பறை சரியா மூடாது. மொத நாளே பாத்துட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்பறம் ஏம்மா வாரா வாரம் வந்த?"

"வராம வுட்டா, நான் வரலைன்னு எழுதிடுவீங்கள்ல."

வெளியே ஒரு எந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சேற்றுத் தண்ணீர் வாசல்வரை வந்தது.

"நான் கையெழுத்துப் போட்டது பொய்னு கோர்ட்டுல எழுதிக் குடுக்கப் போறேன்" என்றேன். "பென்ஷனை நிறுத்துனா நிறுத்தட்டும்."

"குடுங்க. ஆனா எனக்காகன்னு சொல்லாதீங்க. எனக்கு ஆனது ஆச்சு. முத்துப்பேட்டையிலேருந்து ஒரு பிள்ளை ஒங்க ஆஸ்பத்திரிக்கு இப்ப அலையுது. அதுவும் கோர்ட்டு ஆர்டர் வாங்கி வச்சிருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, தேதியும் வுழுந்துருச்சு. இப்ப வேற சாக்கு சொல்றாங்களாம். ஒங்க எம்.எல்.ஏ. மறுபடி நிக்கிறாரு இல்ல?"

ஆமாம் என்றேன்.

"மன்னிச்சுடும்மா" என்று சொல்ல வந்தேன். அவள் கை காட்டி நிறுத்தினாள். மேசை இழுப்பறையைத் திறந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். ஓரம் பழுத்திருந்தது. பழைய உத்தரவு. முதல் உத்தரவு. மேலே வலது மூலை வெறுமையாக இருந்தது. திருப்பி என் முன்னால் வைத்தாள்.

பின்பக்கம் பால்பாயிண்டில் தேதிகள். ஒன்றன்கீழ் ஒன்றாக. சில நடுக்கத்தில் கோணியிருந்தன. கார்த்திகைத் தேதி ஒன்று மழையில் கரைந்திருந்தது.

"நீங்க போடல. ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷன்ல ஒக்காந்து நானே போட்டுக்கிட்டேன். வக்கீலு இத கோர்ட்டுல காட்டினாரு. அவங்க ஒங்க நோட்டக் காட்டினாங்க. நோட்டுதான் சரின்னுட்டாங்க."

மேலிருந்து எண்ணினேன். விரல் வைத்து மறுபடி கீழிருந்து எண்ணினேன்.

பத்தொன்பது.